செல்லமுத்து வெட்டிய கரும்பு

வடக்கனந்தல் பக்கத்தில் காசியம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ரேஷன் கடையில் பருப்பை எடை குறைத்துப் போட்டவன், சில்லறை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட கண்டக்டர், ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலில் அதே கையால் மூக்கைச் சிந்திய வேட்பாளர், எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விடுவாள். இந்த உலகத்தில் உருப்படியான மனுஷன் ஒருத்தன்தான் இருக்கிறான் என்பது அவளுடைய தீர்மானம். அந்த ஒருத்தன் அவள் புருஷன் செல்லமுத்து.

செல்லமுத்துவுக்குப் பதினான்கு வருஷமாக மனநோய். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு நீளமான பெயர் ஒன்று எழுதியிருக்கும். ஊர் வைத்த பெயர் சின்னது, லூசு. ஆரம்பத்தில் அவன் காதுக்குள் ஆட்கள் பேசினார்கள். கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே நடந்து போய்விட்டான். நாலாம் நாள் கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி ஒரு மரவள்ளிக் கொல்லையில், இரண்டு பாதமும் கிழிந்து கிடந்தவனைக் காசியம்மாள் கண்டுபிடித்தாள். வேப்பிலையால் அடித்து மந்திரித்த பூசாரி ஒருவன், ஒரு சேவலையும் வாங்கிக்கொண்டு, மூன்று அமாவாசையில் சரியாகிவிடும் என்றான். மூன்றாவது அமாவாசைக்கு மறுநாள் அவள் போய்ச் சேவலைத் திருப்பிக் கேட்டாள். அவன் அதைத் தின்று பல் குத்தி இரண்டு மாசம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியில் அந்த ஆள் கோயில் நடையைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

அப்புறம்தான் மாத்திரை. மாத்திரை காதுக்குள் பேசியவர்களைத் துரத்தியது. கூடவே செல்லமுத்துவிலும் பாதியைத் துரத்திவிட்டது. கை நடுங்கும். பேச்சு இழுக்கும். உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்துவிடுவான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, எங்கே தப்பு என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். மகள் அருள்மொழியைக் களமருதூரில் கட்டிக்கொடுத்தபோது சம்பந்திகளிடம் காசியம்மாள் சொன்னது, "அவரு கொஞ்சம் கம்மியாத்தான் பேசுவாரு" என்பது மட்டும். அவர்களும் யாரோ பெரிய மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவளுக்குத் தெரிந்த தொழில் கரும்பு வெட்டுவது. தங்கதுரை மேஸ்திரியின் கேங்கில் ஜோடிக் கணக்குதான். புருஷன், பெண்டாட்டி, இரண்டு அரிவாள், ஒரு ஜோடி. தனிப் பொம்பளையை லாரியில் ஏற்றமாட்டான். அதனால் செல்லமுத்துவும் லாரியில் ஏறினான். பத்துக் கரும்பு வெட்டுவான், பிறகு வரப்பில் உட்காருவான், பிறகு தூங்கிவிடுவான். காசியம்மாள் தன் வரிசையை முடித்துவிட்டு அவன் வரிசைக்குள் இறங்குவாள். அதையும் சாய்த்து, தோகை கழித்து, கட்டுக் கட்டி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாதிக் கட்டுகளை அவன் பக்கமாக நகர்த்தி வைப்பாள். பொழுது சாயும்போது அவனைத் தட்டி எழுப்புவாள்.

"எழுந்திரு மாமா. இன்னிக்கி எவ்ளோ சாச்சிருக்க பாரு!"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டுகளைப் பார்ப்பான். "ஒரு டன்னு இருக்குமா காசி?"

"ஜாஸ்தியே இருக்கும்."

அவன் எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொள்வான். கூலி வந்ததும் அதை முதலில் அவன் கையில்தான் கொடுப்பாள். அவன் திருப்பி அவளிடமே கொடுத்து, "வூட்டுக்கு வெச்சிக்க" என்பான். அன்றைக்கு அவன் சோறு சாப்பிடுகிற மிடுக்கே வேறு. ஏரி வேலையிலும் இதே கதைதான். நூறு நாள் வேலைக்கு ஆளுக்கு இவ்வளவு மண் என்று அளந்து விடுவார்கள். அவன் பங்கையும் அவளே வெட்டிக் கொட்டுவாள். வருகைக்குப் போட்டோ எடுக்கும்போது மட்டும் செல்லமுத்து மண்வெட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். யாராவது, "மாமன் இன்னா, குந்திக்கினே இருக்காரு?" என்று கேட்டால் போதும். "உம் புருஷன் நின்னுக்கினு கிழிச்சது இன்னா? அவரு வேலய முடிச்சிட்டுக் குந்தியிருக்காரு" என்று அந்த இடத்திலேயே மானத்தை வாங்கிவிடுவாள்.

இப்படிப் பதினோரு வருஷம். போன தை மாசம் அவளுடைய வலது தோள் போயிற்று. தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்த கை ஒரு ஆள் வேலைக்கே கெஞ்சியது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் நர்சம்மா ஒருத்திதான் சொன்னாள், மனநோய்க்கும் அரசாங்கத்தில் உதவித்தொகை உண்டு, மாதம் இரண்டாயிரம், முகாமில் டாக்டர் பார்த்து நாற்பது சதவீதம் பாதிப்பு என்று எழுதினால் போதும் என்று. காசியம்மாளுக்கு முதலில் சுருக்கென்றது. கையேந்துவதா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அரிவாளைத் தூக்கிப் பார்த்தாள். அது தோளுக்கு மேலே போகவில்லை. மறுநாளே விண்ணப்பம் போட்டாள்.

முகாமுக்குப் போகிற அன்று அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரிய ஆட்களைப் பார்க்கப் போகிறோம், நாலு பேர் மத்தியில் நம் வீட்டு ஆம்பளை கௌரவமாக இருக்க வேண்டாமா? விடிந்ததும் செல்லமுத்துவுக்கு முகச்சவரம் செய்வித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, பொத்தானைத் தன் கையால் சரிபார்த்து, நெற்றியில் விபூதியும் இட்டாள். பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை தோற்றான். எதைக் கேட்டாலும் நீட்டலாம் என்று வீட்டில் இருந்த காகிதம் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் திணித்துக்கொண்டாள். ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, நூறு நாள் வேலை அட்டை, போன வருஷத்துக் கரண்டு பில். அரசாங்கம் எதைக் கேட்கும் என்று எவனுக்குத் தெரியும்?

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் யானை உயரத்துக்கு பேனர். வருகிற பெரிய மனிதர்களின் முகங்கள் தட்டு அகலத்துக்குச் சிரித்தன. மாற்றுத்திறனாளி என்கிற சொல் கீழே ஓரமாக எறும்பு அளவில் இருந்தது. முகாம் நடப்பது மாடியில். காலில்லாதவர்களைச் சொந்தக்காரர்கள் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். "மாடியில வெக்கச் சொன்ன மவராசன் யாருய்யா? அவன் கால ஒடிச்சிட்டு ஏறி வரச் சொல்லு, பாப்பம்" என்று காசியம்மாள் சத்தமாகக் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் காதில் விழாத மாதிரி செல்போனைப் பார்த்தார். மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் முறை வந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். காலையிலிருந்து நிமிராத முகம்.

"குளிக்கிறது, சாப்பிடுறது எல்லாம் நீங்களே செஞ்சுக்குவீங்களா?"

"செய்வங்க" என்றான் செல்லமுத்து.

செய்வான்தான். காசியம்மாள் பக்கத்தில் நின்று, இப்ப முதுகு, இப்ப காலு என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

செல்லமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கரும்பு வெட்டுங்க. நாளுக்கு ஒரு டன்னு. சில நாளு ஜாஸ்தி."

டாக்டர் காசியம்மாளைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் பழகிய வாய் அது. "ஆமாங்க. அவரு எல்லா வேலையும் செய்வாரு" என்று தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த ஊழியர் மஞ்சப்பையைத் துழாவி வேலை அட்டையை எடுத்துப் புரட்டினார். "போன வருஷம் எண்பத்தாறு நாள் வேலைக்கு வந்துருக்காரு சார்."

"நல்லாத்தான் இருக்காரு. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். முப்பது என்று எழுதிக் கொடுத்தார்.

என்ன பரீட்சையோ இது. எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறாயோ அவ்வளவு மார்க். புருஷனைத் துடைத்துப் பளபளவென்று கூட்டிக்கொண்டு போனவளுக்கு முட்டை. பஸ்ஸில் செல்லமுத்து சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்தான். "முப்பது போட்டிருக்குது. முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸு?"

"இதுல கம்மியா எடுத்தாத்தான் பாஸு மாமா" என்றாள். அவன் சந்தோஷமாகச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிற பிரவீன்குமாருக்கு விஷயம் எட்டியது. பிறப்புச் சான்றிதழில் இருந்து இறப்புச் சான்றிதழ் வரைக்கும் இடையில் நுழைந்து கை நனைக்கிற ஆள். அவளைக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டான்.

"யக்கா, இன்னா வேல பண்ணிக்கினு வந்துருக்க? ஜோடிச்சிக் கூட்டிக்கினு போனா எவன் குடுப்பான்? நா சொல்றமாரி செய். பதினஞ்சு நாளு மாத்திரைய நிறுத்து. செரைக்காத, குளிக்க வெக்காத. டாக்டரு முன்னால வேட்டிய அவுத்துப் போட்டுட்டு நின்னாருன்னு வெச்சிக்க, எம்பது பர்சென்ட்டு கேரண்டி. எனக்கு மொத ரெண்டு மாசத்துக் காசு குடுத்துடு, போதும்."

"உங்கப்பனக் கூட்டிக்கினு போயி அப்பிடி நிறுத்து. எத்தினி பர்சென்ட்டு வருதுன்னு பாத்துட்டு அப்பறம் எனக்கு சொல்லு" என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு வந்தாள்.

வந்தாளே ஒழிய, அன்று சாயங்காலம் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்தாள். அதை மறைப்பானேன்? பதினைந்து நாள்தானே என்று ஒரு எண்ணம் வந்தது. மரவள்ளிக் கொல்லையில் கிடந்த அந்தக் கிழிந்த பாதங்களும் ஞாபகம் வந்தன. மாத்திரையைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறு பரிசோதனைக்கு எழுதிக் கேட்கலாம் என்றாள் நர்சம்மா. வேலை செய்கிற இடத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள், டாக்டரிடம் உள்ளதைச் சொல் என்றாள். காசியம்மாள் தங்கதுரையைத் தேடிப் போனாள். அவன் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொரை, எனக்கு ஒரு காயிதம் எழுதிக் குடு."

"இன்னான்னு?"

ஊரையே வாயால் ஓட்டியவள், லாரிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அவரு சரியா வேல செய்யறதில்லன்னு. டாக்டருக்குக் காட்டணும். ஒரு ஒப்புக்குதான். நீ பாட்டுக்கு வேற ஒண்ணும் நெனச்சிக்காத."

தங்கதுரை சிரித்தேவிட்டான். "யக்கா, நானும் பதினோரு வருசமாப் பாக்கறன். அவரு பத்துக் கரும்புக்கு மேல வெட்டி நா பாத்ததில்ல. கேங்குல ஒருத்தரும் பாத்ததில்ல. சாயங்காலம் ஆனா கட்ட நவுத்தி நவுத்தி வெப்பியே, அதப் பாத்துக்கினேதான் நாங்க வெத்தல போடறது."

"தெரிஞ்சிக்கினா இத்தினி வருசம் சும்மா இருந்தீங்க?"

"உன் வாயிக்கி எவன் பதில் சொல்றது? ரெண்டாளு வேல நடந்துச்சி. எனக்கு இன்னா நட்டம்?"

ஊரை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தவளை, ஊர் அத்தனை வருஷமாக வெற்றிலையை மென்றுகொண்டே இளக்காரமாகப் பார்த்திருக்கிறது. அவள் ஆடிய நாடகத்தை நம்பியவன் ஒரே ஒருவன். அவனுக்காகத்தான் ஆடினாள் என்பதால் அதில் ஒரு குறையும் இல்லை என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனாலும் முகம் எரிந்தது. தங்கதுரை எழுதிக் கொடுத்த கடிதத்தை இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மஞ்சப்பையில் வைத்தால் செல்லமுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான்.

இரண்டாவது முகாமும் அதே மாடியில்தான். இந்தத் தடவை மஞ்சப்பையில் இரண்டே காகிதம், ஆதாரும் ஆஸ்பத்திரிச் சீட்டும். சட்டை மட்டும் அதே வெள்ளைச் சட்டை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதே டாக்டர் கடிதத்தைப் படித்தார். இந்தத் தடவை நிமிர்ந்தார். செல்லமுத்துவிடம் என்ன வேலை என்று மறுபடியும் கேட்டார்.

"கரும்பு வெட்டுங்க. நாளுக்கு ஒரு டன்னு."

"அம்மா, நீங்க சொல்லுங்க. உண்மைய சொன்னாத்தான் என்னால எழுத முடியும்."

"சொல்றங்க. அவர மட்டும் கொஞ்சம் வெளிய குந்த வெச்சிடுங்க."

வாசலில் நின்ற ஊழியருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிய யாரும்மா பாத்துக்கறது? போன தபா ஒருத்தரு எறங்கி ஓடிப்பூட்டாரு, நாங்கதான் ரோடு ரோடா தேடனோம். இங்கியே சொல்லு. இன்னும் நூத்தி இருவது பேரு நிக்கறாங்க."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது, யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்துக்கொண்டார். ஒரு மனுஷனைக் கொஞ்ச நேரம் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில்தான் அவனை எத்தனை சதவீதம் என்று அளக்கிறார்கள். காசியம்மாள் அந்த ஊழியரை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்டால் இன்றைக்கும் முப்பதுதான். மேசை விரிப்பில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அவரு குளிக்க மாட்டாருங்க, நா சொல்லிக்கினே இருந்தாத்தான். சட்டப் பொத்தானு நான்தான் போடறன். தனியா வுட்டா கடைக்கிப் போயி வரத் தெரியாது. ஒரு வாட்டி மலைக்கிப் பூட்டாரு. யாரு வந்து பேசனாலும் பதிலு நான்தான் சொல்றன்."

"வேலை?"

"செய்ய மாட்டாருங்க."

"கொஞ்சம் கூடவா?"

"பத்துக் கரும்பு வெட்டுவாரு. தூங்கிடுவாரு. மீதி அம்புட்டும் நான்தான் வெட்டறன். ஏரி வேலயும் நான்தான். போட்டோவுக்கு மட்டும் நிக்க வெப்பன். அவரு வெட்னதா அவருகிட்ட சொல்லுவன்."

டாக்டரின் பேனா ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. கணக்கு வாத்தியார் பாடம் நடத்தும்போது கவனிக்கிற மாதிரி செல்லமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தில் அறுபத்தைந்து என்று விழுந்தது. படி இறங்கும்போது முன்பின் தெரியாத பொம்பளை ஒருத்தி, "எவ்ளோக்கா போட்டாங்க? அறுபத்தஞ்சா? யோகந்தான் போ!" என்றாள். காசியம்மாள் பார்த்த பார்வையில் அவள் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் செல்லமுத்து சீட்டைக் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, முன்னால் இருந்த கம்பியைப் பார்த்தபடியே கேட்டான்.

"எம்பக்கம் இருந்த கரும்புக் கட்டுங்க?"

"இன்னா மாமா?"

"தெனம் காட்டுவியே. அது நீ வெட்னதா?"

கலெக்டரே வந்து கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் அவள். "பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் கேட்டுவிடுவானோ என்று அவள் இறங்குகிறவரைக்கும் பயந்துகொண்டே வந்தாள்.

பணம் கைக்கு வர மூன்று மாசமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் அடுப்பு எரிய வேண்டும். தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் காசியம்மாள் புறப்பட்டாள். மற்ற நாட்களில் அவளுக்கு முன்னால் எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "காசி, லாரி வந்துடும்" என்று தெருவில் நின்று குரல் கொடுப்பவன் செல்லமுத்து. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கண் விழித்துத்தான் இருந்தது.

"எழுந்திரு மாமா. நேரமாவுது."

"நா இன்னாத்துக்கு?"

"கரும்பு வெட்டத்தான்."

"நீதான வெட்டற" என்றான், திரும்பாமலே. "போயி வெட்டு."

பேச்சு இழுக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் அவன் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஊரில் ஒருத்தரை விடாமல் காசியம்மாள் அந்தக் குரலில் பேசியிருக்கிறாள். அது தன்மேல் வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மாத்திரையையும் தண்ணீரையும் அவன் தலைமாட்டில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் நின்றாள். லாரி ஹாரன் அடித்தது.

லாரியில் ஒன்பது ஜோடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அரிவாளோடு வருகிறவளை எல்லோரும் பார்த்தார்கள். தங்கதுரை பின்பக்கப் பலகையைப் பிடித்தபடி, "மாமா எங்க யக்கா?" என்று கேட்டான். அவனும்தான் கடிதம் எழுதிக் கொடுத்தவன்.

"காய்ச்சலா கீது. நாளைக்கி வந்துடுவாரு" என்றாள் காசியம்மாள். "அவரு வரிசைய வேற யாருக்கும் குடுத்துடாத தொரை."

சொல்லிவிட்டு, வலியில்லாத கையால் பலகையைப் பிடித்து ஏறினாள்.